லென்ஸ் புரொஃபைல் போட்டதும் சுவர் உள்ளே குழிகிறது: கோளாறு எங்கே?

கேள்வி: மார்ச் 3, இரவு 9.40

கேனான் கேமரா பாடி, சிறிய அளவு (கிராப்) சென்சார். அதில் வேறொரு கம்பெனியின் 17–50 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ். ராவும் (சென்சார் பதிந்த மூலக் கோப்பு) ஜேபெக்கும் சேர்த்தே எடுப்பேன். எடிட்டிங் மென்பொருளில் லென்ஸ் கரெக்‌ஷனை டிக் செய்தால், நான் வாங்காத இன்னொரு கம்பெனியின் 17–50 பெயரைக் காட்டுகிறது. சரி, அதே அளவுதானே என்று விட்டுவிட்டால், 17-இல் எடுத்த சுவரின் மேல்விளிம்பு உள்ளே குழிகிறது. ஜேபெக் பக்கம் போனால் என் லென்ஸின் பெயரே பட்டியலில் இல்லை. லென்ஸில் கோளாறா, மென்பொருளிலா? புரொஃபைல் எல்லாம் வெறும் கண்துடைப்பு, கையாலேயே சரிசெய் என்கிறான் நண்பன்.

மார்ச் 3, இரவு 11.15

லென்ஸைக் கழற்றி சர்வீசுக்குக் கொடுத்துவிடாதீர்கள். புரொஃபைல் என்பது ஒரு லென்ஸின் வளைவையும் ஓர இருட்டையும் அளந்து எழுதிய திருத்தக் கணக்கு; லென்ஸ் மாறினால் கணக்கும் மாறும். முதலில் கோப்பு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும், மென்பொருள் என்ன சொல்கிறது என்றல்ல. படக் கோப்புக்குள் இருக்கும் விவரங்களைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் இலவசம். அதில் ஒரு ரா கோப்பைத் திறந்து, "லென்ஸ்" என்று தொடங்கும் எல்லா வரிகளையும் பாருங்கள். லென்ஸ் டைப், லென்ஸ் மாடல், லென்ஸ் ஐடி மூன்றும் தனித்தனி. மூன்றிலும் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மார்ச் 4, காலை 7.30

அவர் பதில் வருவதற்குள் அந்த மூன்று வரியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிரச்சினையில் பாதி அங்கேதான் கிடக்கிறது.

படத்தோடு கேமரா எழுதும் விவரங்களுக்கான எக்ஸிஃப் என்ற பொதுத் தரத்தில் ரொம்ப நாள் லென்ஸ் பெயருக்கென்று ஒரு இடமே கிடையாது. 2010-இல் வந்த எக்ஸிஃப் 2.3-இல்தான் லென்ஸ் மாடல், லென்ஸ் மேக், லென்ஸின் வீச்சு, சீரியல் எண் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கினார்கள். அதற்கு முன்பிருந்தே ஒவ்வொரு கேமரா கம்பெனியும் 'மேக்கர்நோட்' என்கிற தன் சொந்தப் பகுதியில் லென்ஸ் விவரத்தைத் தன் பாணியில் எழுதி வந்தது. கேனான் எழுதுவது ஒரு எண். நிக்கானில் எட்டு பைட்டுகள் சேர்ந்துதான் ஒரு லென்ஸின் அடையாளம்.

எண் கொடுப்பது கேமரா கம்பெனி. வேறு கம்பெனிக்காரர்கள் அந்த மவுன்ட்டுக்கு (பாடியில் லென்ஸ் மாட்டும் இடம்) லென்ஸ் செய்யும்போது அவர்களுக்கென்று புது எண்ணை யாரும் ஒதுக்கித் தருவதில்லை. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு எண்ணைத்தான் அந்த லென்ஸ் பாடியிடம் சொல்லும். எக்ஸிஃப்டூலின் கேனான் பட்டியலில் 137-ஐ எடுத்துப் பாருங்கள். சிக்மா 17–50 எஃப் 2.8, டாம்ரான் 17–50 எஃப் 2.8, சிக்மா 8–16, டாம்ரான் 60 மி.மீ. மேக்ரோ, இன்னும் பலவும் அந்த ஒரே எண்ணில். ஒரே கதவு எண்ணில் பத்துக் குடித்தனம் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? வாசலில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

எக்ஸிஃப்டூல் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. எண்ணோடு, ஜூமின் வீச்சையும் அதிகபட்ச அப்பெர்ச்சரையும் (எஃப் எண்) சேர்த்துப் பார்த்து, பொருந்தாதவற்றைக் கழித்துவிடும். அதனால் 8–16-ஐயும் 60 மேக்ரோவையும் ஒதுக்கிவிடலாம். ஆனால் இரண்டு 17–50, இரண்டுக்கும் எஃப் 2.8 என்றால் கழிக்க வழி ஏது? "இதுவோ அதுவோ" என்று இரண்டையும் காட்டி நிறுத்திவிடும். எடிட்டிங் மென்பொருளுக்கு அந்தச் சொகுசு கிடையாது. அது ஏதாவது ஒன்றைப் பிடித்தாக வேண்டும்.

மார்ச் 4, மதியம் 1.20

பதில் வந்துவிட்டது. லென்ஸ் டைப் 137. லென்ஸ் மாடல் என்ற இடத்தில் வெறும் "17–50 மி.மீ." மட்டும், கம்பெனி பெயர் இல்லை. லென்ஸ் ஐடியில் இரண்டு பெயர், நடுவில் "அல்லது".

ஆக, பாடிக்கே தெரியாது எந்த லென்ஸ் என்று. மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.

மார்ச் 4, இரவு 10.05

இதே நோய் கேமராவுக்குள்ளும் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். பல பாடிகளில் ஓர இருட்டை (படத்தின் மூலைகள் இருண்டு தெரிவது) சரிசெய்யும் வசதி மெனுவில் ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும். அதுவும் லென்ஸ் எண்ணைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. வேறு கம்பெனி லென்ஸை மாட்டினால் வேறொரு லென்ஸுக்கான கணக்கைப் போட்டு, வானத்தில் வட்டம் வட்டமாக வளையங்கள் வந்துவிடலாம். எங்கள் லென்ஸை மாட்டும்போது இந்தத் திருத்தத்தை அணைத்து வையுங்கள் என்று லென்ஸ் கம்பெனிகளே அறிவிப்பு கொடுத்ததுண்டு. என் பழைய ஜேபெக் படங்களில் வானம் ஒரு மாதிரி தட்டுத் தட்டாகத் தெரிந்தது. நெடுநாள் அதை ஜேபெக் சுருக்கத்தின் கோளாறு என்று சொல்லிக்கொண்டு திரிந்த ஆட்கள் எனக்குத் தெரிந்தே உண்டு.

மெனுவில் போய் அணைத்துவிடுங்கள். ராவுக்கு ஒன்றும் ஆகாது, ஜேபெக்குக்கு நல்லது.

மார்ச் 5, இரவு 9.50

இனி அந்த ஜேபெக் சங்கதி. "பட்டியலில் என் லென்ஸே இல்லை" என்பது பலருக்கு வரும் சந்தேகம்.

அடோபி மென்பொருள்கள் பயன்படுத்துவது எல்.சி.பி. என்ற வகைக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம், உள்ளே இருப்பது எக்ஸ்.எம்.எல். உரைதான். அதில் ஒவ்வொரு ஃபோக்கல் லெங்த்துக்கும் (17, 50 என்ற மி.மீ. அளவு), ஃபோகஸ் தூரத்துக்கும், அப்பெர்ச்சருக்கும் தனித்தனிக் கட்டமாக எண்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் "கேமரா ரா புரொஃபைல்" என்று ஒரு வரி, அதன் மதிப்பு "ட்ரூ". இது ரா படங்களை வைத்து அளந்த புரொஃபைல், ராவுக்கு மட்டும் காட்டு என்று அதற்கு அர்த்தம். அடோபியின் லைட்ரூமில் ஜேபெக்கைத் திறந்ததும் பட்டியல் சுருங்கிப் போவது இதனால்தான். கோப்பு தொலையவில்லை, வடிகட்டப்படுகிறது.

சிலர் அந்தக் கோப்பை நகலெடுத்து, அந்த வரியை "ஃபால்ஸ்" என்று மாற்றி, புரொஃபைலுக்குப் பெயரையும் மாற்றி, பயனர் கோப்புறையில் உள்ள லென்ஸ் புரொஃபைல்ஸ் என்ற இடத்தில் போட்டுவிட்டு மென்பொருளை மூடித் திறப்பார்கள். பட்டியலில் வந்துவிடும். நேர்க்கோட்டுத் திருத்தத்துக்கு அது போதும். ஓர இருட்டுக்குப் போதாது: ரா என்பது ஒளிக்கு நேர் விகிதத்தில் பதிவான எண், ஜேபெக்கில் ஏற்கெனவே கான்ட்ராஸ்ட் வளைவு ஏறியிருக்கும். ரா கணக்கை அதன் மேல் போட்டால் மூலைகள் கணக்கு தப்பும். அந்த வழியில் போகிறவர்கள் ஓர இருட்டுக்கான விக்னெட்டிங் ஸ்லைடரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, கண்ணால் பார்த்துக் கூட்டுவது நல்லது.

நான் அந்த வேலைக்குப் போவதில்லை. ரா இருக்கும்போது ஜேபெக்கை ஏன் நோண்ட வேண்டும்?

மார்ச் 6, காலை 6.45

படுத்தபிறகு தோன்றியது. அவர் ஜேபெக்கில் போடாமல் விட்டதும் நல்லதுக்குத்தான். பாடியில் டிஸ்டார்ஷன் (நேர்க்கோடு வளைவது) திருத்தம் ஆன் ஆகியிருந்தால், ஜேபெக் கேமராவிலிருந்து வெளியே வரும்போதே நிமிர்ந்துதான் வரும். அதன் மேல் மென்பொருள் இன்னொரு தடவை நிமிர்த்தினால், எதிர்ப்பக்கம் வளையும். எடிட் முடித்து டிஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து, அதை மறுபடி வேறொரு மென்பொருளில் திறக்கும்போதும் இது நடக்கும். ஏற்றுமதியான கோப்பிலும் லென்ஸ் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது மென்பொருள் அதைப் பார்த்ததும் சந்தோஷமாகத் தன் பங்குக்கு ஒரு திருத்தம் போடும். டார்க்டேபிள் என்ற இலவச எடிட்டிங் மென்பொருளோ வேறெதுவோ, "திறந்ததும் தானாக லென்ஸ் திருத்தம்" என்று ப்ரீசெட் வைத்திருப்பவர்கள் அதை ராவுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்.

மார்ச் 6, இரவு 10.30

இப்போது சுவர் குழிவது. இதற்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்: தப்பான லென்ஸின் புரொஃபைல், இரண்டு தடவை திருத்தம், அல்லது சரியான புரொஃபைல்தான் ஆனால் ஃபோகஸ் தூரம் ஒத்துப்போகவில்லை. எது என்று கண்டுபிடிக்க எனக்குப் பழக்கமான வழியை எழுதுகிறேன்.

நீளமான நேர்விளிம்பு ஒன்று வேண்டும். மொட்டைச் சுவரின் மேல்விளிம்போ, கட்டடத்தின் கார்னிஸோ போதும். கேமராவை ட்ரைபாடில் வைத்து, சுவருக்கு நேர் எதிரே, அந்த விளிம்பு ஃப்ரேமின் மேல்ஓரத்தை ஒட்டி இடமிருந்து வலம் முழுக்க ஓடுமாறு ஜூமை 17-இல் வைத்து எடுங்கள். ஓரத்தை ஒட்டி வருவது முக்கியம். நடுவில் ஓடும் கோடு எந்த லென்ஸிலும் நேராகத்தான் தெரியும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பிறகு மென்பொருளில் எல்லாத் திருத்தத்தையும் அணைத்துவிட்டு, படத்தை வெட்டும் கிராப் கருவியைத் திறந்து, கிராப் சட்டத்தின் மேல்கோட்டைச் சுவர் விளிம்பின் இரண்டு முனையிலும் படும்படி இறக்குங்கள். இப்போது நடுவைப் பாருங்கள்.

திருத்தம் இல்லாதபோது நடுப்பகுதி கோட்டுக்கு மேலே, ஃப்ரேமின் ஓரத்தை நோக்கிப் புடைத்திருந்தால் அது பேரல் டிஸ்டார்ஷன். அகல முனையில் ஜூம் லென்ஸ்களுக்கு அது இயல்பு. திருத்தம் போட்டதும் நடு கோட்டுக்குக் கீழே இறங்கினால், போட்ட மருந்து அதிகம். அதாவது உங்கள் லென்ஸைவிட அதிகம் புடைக்கும் லென்ஸின் கணக்கு. திருத்தம் இல்லாமலேயே கோடு நேராக இருந்தால், ஏற்கெனவே யாரோ நிமிர்த்திவிட்டார்கள். கேமராவோ, முந்தைய மென்பொருளோ. அதோடு மூலைகளையும் பாருங்கள். நடுவைவிட மூலைகள் வெளுத்திருந்தால் இரட்டைத் திருத்தம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது ஒரு வடிவமும் உண்டு. நடுவில் புடைத்து, மூலைக்குப் போகும்போது எதிர்ப்பக்கம் திரும்பும், மீசை மாதிரி. இந்த மாதிரி லென்ஸ் வைத்திருந்தால் உங்கள் நண்பர் சொல்லும் "கையால் சரிசெய்" எடுபடாது. கை ஸ்லைடர் ஒரே பக்கம்தான் வளைக்கும். நடுவைச் சரிசெய்தால் மூலை கெடும், மூலையைப் பிடித்தால் நடு போகும். நான் கட்டட உட்புறம் எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் இந்த ஸ்லைடரோடு மல்லுக்கட்டிப் போன இரவுகள் கொஞ்சநஞ்சமல்ல.

மார்ச் 7, மாலை 6.10

கேள்வி கேட்டவர் சுவரை எடுத்துப் பார்த்துவிட்டார். திருத்தம் இல்லாமல் நடு லேசாக வெளியே; இன்னொரு கம்பெனியின் புரொஃபைலில் உள்ளே; கையால் தன் லென்ஸைத் தேர்ந்தெடுத்ததும் நேர். விஷயம் வெட்டவெளிச்சம்: லென்ஸும் நல்ல லென்ஸ், புரொஃபைலும் நல்ல புரொஃபைல், ஆள்தான் மாறிவிட்டது.

லைட்ரூமில் ஒவ்வொரு படத்துக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. லென்ஸ் கரெக்‌ஷன் பகுதியில் சரியான புரொஃபைலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அங்கேயே இருக்கும் செட்டப் பட்டியலில் "புதிய லென்ஸ் புரொஃபைல் டிஃபால்ட்டாகச் சேமி" என்று கொடுத்தால், அடுத்த முறை அதே அடையாளத்தோடு வரும் படத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளும். உங்களிடம் இரண்டு 17–50-யும் இருந்தால் இது கைகொடுக்காது. அப்படி யாராவது வைத்திருக்கிறீர்களா? இருந்தால் ஒன்றை விற்றுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

மார்ச் 7, இரவு 11.40

"விற்றுவிடுங்கள்" என்றது சும்மா. இரண்டும் வைத்திருப்பவர் ஒருவர் தனிச்செய்தியில் கோபித்துக்கொண்டார். அவருக்கு: எக்ஸிஃப்டூலின் அமைப்புக் கோப்பில் "என்னிடம் உள்ள லென்ஸ்கள்" என்று ஒரு பட்டியல் எழுதலாம், சந்தேகம் வந்தால் அது அந்தப் பட்டியலில் இருப்பதைத்தான் காட்டும். டார்க்டேபிள் கோப்பின் விவரங்களைப் படிப்பது எக்ஸிவ்2 என்ற நிரல் வழியாக. அதற்கும் இதே மாதிரி லென்ஸ் எண்ணுக்குப் பெயர் கொடுக்கும் ஒரு சிறு உரைக்கோப்பு உண்டு. ஆனால் இரண்டும் ஒரே எண், ஒரே வீச்சு, ஒரே அப்பெர்ச்சர் என்றால் எந்தப் பட்டியலும் பிரித்துச் சொல்லாது. எடுத்த அன்றே இரண்டையும் வேறு வேறு கோப்புறையில் இறக்கி, ஒன்றுக்கு லென்ஸ் மாடல் என்ற இடத்தில் முழுப்பெயரை எழுதிவிடுவதுதான் வழி.

மார்ச் 9, காலை 8.00

மேலே எழுதியவற்றை மறுபடி படித்தால் எல்லாமே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாசனை அடிக்கிறது. மிரர்லெஸ்காரர்களுக்குப் பாதி பொருந்தாது.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறு சென்சார் வகையில் தொடங்கி, பல மிரர்லெஸ் பாடிகள் லென்ஸின் திருத்த எண்களை ரா கோப்புக்குள்ளேயே எழுதிவிடுகின்றன. லென்ஸ் தன் எண்களைப் பாடியிடம் கொடுக்கும், பாடி கோப்பில் போடும், மென்பொருள் எடுத்துப் பயன்படுத்தும். பெயர் பொருத்தமே தேவையில்லை. 2008-இல் பானசோனிக் எல்.எக்ஸ்.3 என்ற சின்ன காம்பாக்ட் கேமராவும் இப்படி வந்தது; அடுத்த ஆண்டு அடோபியின் ரா கோப்பு வடிவமான டி.என்.ஜி. 1.3-இல் இந்த எண்களை வைக்க இடம் உண்டாக்கினார்கள். லைட்ரூம் அடியில் "உள்ளமைந்த லென்ஸ் புரொஃபைல் போடப்பட்டது" என்று ஒரு வரி காட்டுவது இந்த மாதிரிக் கோப்புகளுக்குத்தான். பல லென்ஸ்களுக்கு அதை அணைக்கவே விடாது.

ஏன் விடாது என்று பலர் கோபப்படுகிறார்கள். நானும் பட்டேன். பிறகு அந்த எண்களைக் கண்டுகொள்ளாத ஒரு மென்பொருளில் ஒரு சின்ன அகல லென்ஸின் படத்தைத் திறந்து பார்த்தேன். கோபம் போய்விட்டது. கதவு நிலைகள் வில்லாக வளைந்து, மூலைகளில் கறுப்பு எட்டிப் பார்த்தது. அந்த லென்ஸை வடிவமைத்தவர்களே திருத்தத்தையும் லென்ஸின் ஒரு பாகமாகத்தான் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் லென்ஸ் அவ்வளவு சின்னதாக இருக்கிறது.

டார்க்டேபிளில் லென்ஸ் கரெக்‌ஷன் பகுதியில் "கோப்பில் உள்ள தரவு", "லென்ஸ்ஃபன் தரவுத்தளம்" (ஆர்வலர்கள் அளந்து சேர்த்த லென்ஸ் கணக்குகள்) என்று தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் கிடைத்தால் நான் கோப்பில் இருப்பதையே எடுப்பேன்.

மார்ச் 9, இரவு 9.15

அடாப்டர் போட்டுப் பழைய மேனுவல் லென்ஸ் பயன்படுத்துபவர் கேட்டது: "எல்லாப் படத்திலும் எஃப் 0, ஃபோக்கல் லெங்த் 0. மென்பொருள் லென்ஸைத் தொடவே மறுக்கிறது."

மின் தொடர்பு இல்லாத லென்ஸ். பாடிக்கு எதிரே ஓட்டைதான் தெரியும். சில பாடிகளில் இதற்கு வழி உண்டு: நிக்கானில் நான்-சிபியூ லென்ஸ் டேட்டா என்ற மெனுவில் ஃபோக்கல் லெங்த்தையும் அதிகபட்ச அப்பெர்ச்சரையும் முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். பென்டாக்ஸில் மேனுவல் லென்ஸை மாட்டி ஆன் செய்ததும் ஃபோக்கல் லெங்த் கேட்கும். அது கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வேலைக்காகக் கேட்பது, ஆனால் நமக்கும் பயன். அப்பெர்ச்சரைத் தினமும் மாற்றி எழுத யாருக்குப் பொறுமை? அதனால் நான் குறிப்பேட்டில் ஒரு வரி போட்டுவிட்டு, பின்னால் எக்ஸிஃப்டூலில் மொத்தமாக லென்ஸ் மாடல், ஃபோக்கல் லெங்த், எஃப் எண் மூன்றையும் எழுதிவிடுவேன். நகலில் எழுதிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அசலைத் தொடுவேன். எக்ஸிஃப்டூல் தானாக அசலின் நகலொன்றை அதே கோப்புறையில் விட்டுவைக்கும், அவசரப்பட்டு அதை அழிக்காதீர்கள்.

எழுதியும் மென்பொருளில் ஒன்றும் மாறவில்லை என்றால் பதறாதீர்கள். படத்தை முதலில் இறக்கியபோதே விவரங்களைத் தன் கேட்டலாகில் எழுதி வைத்துக்கொள்ளும் மென்பொருள்கள் கோப்பை மறுபடி எட்டிப் பார்ப்பதில்லை. லைட்ரூமில் "கோப்பிலிருந்து மெட்டாடேட்டாவைப் படி" என்று கொடுக்க வேண்டும். அப்படிப் படிக்கும்போது, கோப்பிலும் எக்ஸ்.எம்.பி.யிலும் (எடிட் விவரம் வைக்கும் பக்கக் கோப்பு) சேமிக்காத எடிட் இருந்தால் அடிபட்டுப் போகும்; முதலில் சேமியுங்கள். டார்க்டேபிளில் எக்ஸிஃபைப் புதுப்பிக்கும் பொத்தான் இருக்கிறது.

மார்ச் 9, இரவு 9.30

விட்டுப்போனது: ஸ்கேன் செய்த ஃபிலிமுக்கும் இதே முறைதான். ஸ்கேனரின் பெயரை வைத்து லென்ஸ் தேடும் மென்பொருளைப் பார்த்துச் சிரிக்கலாம், திட்ட முடியாது.

மார்ச் 12, இரவு 10.20

லென்ஸ்ஃபன் பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள். டார்க்டேபிள், ரா தெரப்பி போன்ற இலவச மென்பொருள்களில் பின்னால் இருப்பது இதுதான். ரா தெரப்பி எல்.சி.பி. கோப்பையும் படிக்கும் என்பது உபரித் தகவல்.

லென்ஸ்ஃபன் தரவுத்தளமும் எக்ஸ்.எம்.எல். கோப்புகள்தான், ஆர்வலர்கள் அளந்து கொடுத்தவை. "என் லென்ஸ் இல்லை" என்பவர்கள் முதலில் தரவுத்தளத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். மென்பொருளோடு வந்தது பழசாக இருக்கும், புதுப்பிக்கத் தனிக் கட்டளை உண்டு. அப்படியும் வரவில்லை என்றால் சென்சாரின் கிராப் அளவைக் கவனியுங்கள். கிராப் சென்சாரில் அளந்த கணக்கை அதைவிடப் பெரிய ஃபுல்ஃப்ரேம் சென்சார் பாடிக்கு அது தராது, ஏனென்றால் மூலையில் என்ன நடக்கிறது என்று அளந்தவர் பார்த்ததே இல்லை. ஃபுல்ஃப்ரேமில் அளந்ததைக் கிராப் பாடிக்குத் தரும். லென்ஸ் ஒன்றுதான், பாடி மாறியதும் பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டதே என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

உள்ளே இருக்கும் எண்களைப் பார்க்கப் பயப்பட வேண்டாம். டிஸ்டார்ஷனுக்கு பி.டி.லென்ஸ் என்ற முறையில் ஏ, பி, சி என்று மூன்று எண்கள். பாலி3 முறையில் ஒரே ஒரு எண். ஒரு சாதாரண ஜூமை எடுத்தால், அகல முனையில் எண்கள் பெரும்பாலும் மைனஸில் இருக்கும், அது பேரல். தொலை முனைக்குப் போகப் போகப் பூஜ்யத்தைத் தாண்டி பிளஸ் பக்கம் வரும், அது பின்குஷன், அதாவது கோடு உள்ளே குழிவது. 17, 24, 35, 50 என்று சில இடங்களில்தான் அளந்திருப்பார்கள், நடுவில் இருப்பதை மென்பொருளே கணித்துக்கொள்ளும். அகல முனையில்தான் எண் வேகமாக மாறுகிறது. அங்கே அளவுப் புள்ளி குறைவாக இருந்தால் 20 பக்கத்தில் லேசாகத் தப்பும்.

சொந்தமாக அளப்பதும் முடியாத காரியமல்ல. நேர்க்கோடுகள் உள்ள கட்டடத்தைத் தள்ளி நின்று எடுத்து, ஹுகின் என்ற பனோரமா ஒட்டும் மென்பொருளில் அந்தக் கோடுகள் மேல் புள்ளிகள் வைத்தால் எண்களைத் தந்துவிடும். ஓர இருட்டை அளக்க, லென்ஸ் முன்னால் பால்வெள்ளை அக்ரிலிக் வைத்து ஒவ்வொரு அப்பெர்ச்சரிலும் ஒரு படம். சலிப்பான வேலை. ஒரு விடுமுறை நாளைத் தின்றுவிடும்.

மார்ச் 15, காலை 7.10

"புரொஃபைல் போட்டும் கிளைகளைச் சுற்றி ஊதா போகவில்லை" என்றொரு புகார்.

நிற விளிம்பில் இரண்டு ஜாதி. மூலைக்குப் போகப் போக அதிகமாகி, பொருளின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலப்பச்சை என்று வருவது பக்கவாட்டு வகை. மூன்று நிறங்களும் மூன்று அளவில் விழுவதால் வருவது. புரொஃபைலால் தீரக்கூடியது அதுதான். படத்தின் நடுவிலும் வரும், ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவாகவும் பின்னால் பச்சையாகவும் தெரியும் இன்னொன்று உண்டு. அதற்கு, விளிம்பு நிறத்தை வெளுக்கும் டீஃப்ரிஞ்ச் கருவிதான். அப்பெர்ச்சரைக் கொஞ்சம் மூடினால் இரண்டாவது குறையும், முதலாவது அநேகமாக அப்படியே இருக்கும். எடுத்த இடத்திலேயே இரண்டு படம் எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஓர இருட்டுக்கு ஃபோகஸ் தூரமும் கணக்கில் வரும். கோப்பில் தூரம் இல்லை என்றால் டார்க்டேபிள் 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளும். தொலைவுக் காட்சிக்குச் சரி. கைக்கெட்டும் தூரத்தில் மேக்ரோ எடுத்துவிட்டு மூலை சரியாக வரவில்லையே என்றால், அந்த எண்ணைக் கையால் மாற்றிப் பாருங்கள்.

மார்ச் 16, இரவு 11.00

அந்த நண்பரின் "கண்துடைப்பு" என்ற வாதத்தில் பாதியை ஏற்கிறேன். ஆட்களைக் கூட்டமாக 17-இல் எடுத்தால் ஓரத்தில் நிற்பவரின் முகம் பக்கவாட்டில் இழுபடும். புரொஃபைல் போட்டால் அது தீராது, கொஞ்சம் கூடும். அது லென்ஸின் குறையே இல்லை. அகலக் காட்சியைத் தட்டையான பரப்பில் நேர்க்கோடு கெடாமல் விரித்தால் ஓரம் இழுபட்டே தீரும். லேசான பேரல் அந்த முகங்களுக்கு நல்லதுதான் செய்கிறது. அதனால் ஆட்கள் மட்டும் உள்ள படங்களில் டிஸ்டார்ஷன் ஸ்லைடரைப் பாதியாகக் குறைத்து, நிற விளிம்பையும் ஓர இருட்டையும் மட்டும் விட்டுவைப்பேன். ஓர இருட்டைக்கூட முகப்படங்களில் பலமுறை அணைத்துவிடுவதுண்டு. அது பார்வையை நடுவுக்கு இழுக்கிறது, எதற்கு அழிக்க வேண்டும்? மேலும் எஃப் 1.4-இல் எடுத்து ஐ.எஸ்.ஓ.வும் ஏறியிருந்தால், மூலையை வெளுக்கும்போது அங்கே உள்ள நாய்ஸும் (புள்ளிப் புள்ளியான கறை) சேர்ந்து எழும்பும்.

பனோரமா ஒட்டுபவர்கள்: ஓர இருட்டை முன்னாலேயே நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். வளைவை ஹுகினே கணக்கிட்டுக்கொள்ளும், அதை விட்டுவிடலாம்.

மார்ச் 20, இரவு 8.35

கேள்வி கேட்டவர் திரும்பி வந்தார். 17–50 படங்கள் எல்லாம் ஒழுங்கு. இப்போது புதுப் புகார்: 50 மி.மீ. பிரைமில் (ஜூம் இல்லாத லென்ஸ்) எடுத்த படங்களில் கோடு வளைகிறதாம், லென்ஸ் பெயர் சரியாகத்தான் காட்டுகிறதாம்.

17–50-க்குப் புரொஃபைலைக் கையால் தேர்ந்தெடுத்த படத்திலிருந்து செட்டிங்கை நகலெடுத்து மொத்த ஆல்பத்துக்கும் ஒட்டியிருக்கிறார். கையால் தேர்ந்தெடுத்த புரொஃபைல் அந்தப் பெயரோடுதான் நகலாகும், போய்ச் சேரும் படத்தில் என்ன லென்ஸ் என்று பார்க்காது. ஒட்டும்போது வரும் பட்டியலில் லென்ஸ் புரொஃபைல் என்ற டிக்கை எடுத்துவிட்டு ஒட்டுங்கள். ப்ரீசெட்டாகச் சேமித்து வைத்திருந்தால் அதிலும் அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி சேமியுங்கள். ஏற்கெனவே ஒட்டிய படங்களை லென்ஸ் வாரியாக வடிகட்டி, 50 பிரைம் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, செட்டப்பை "ஆட்டோ" என்று மாற்றினால் போதும், ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம்.